முதலில் டூல் கிட்டைத் திறங்கள்: புது பைக் கேள்வி-பதில்

கேள்வி: போன மாதம் 160 சிசி பைக் எடுத்தேன். என் முதல் வண்டி. பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு தினமும் வேலைக்குப் போகிறேன், போக வர 45 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதத்துக்கு இரண்டு தடவை மனைவியோடு ஊத்தங்கரை பயணம். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸுக்கென்று 15,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். ஃபாக் லைட், அகலமான பின் டயர், பம்பர், சைலென்சர் என்று நண்பர்கள் பட்டியல் போடுகிறார்கள். எதில் ஆரம்பிக்கலாம்?
— வாசகர், பாலக்கோடு

பதில்: முதல் சர்வீஸ் முடியும்வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். நண்பர்கள் சொல்வதெல்லாம் கடையில் தொங்குகிற சாமான். உங்கள் உடம்புக்கு என்ன வேண்டும் என்பது ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டினால்தான் தெரியும். அதற்குள் காசில்லாமல் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. சீட்டையோ சைடு பேனலையோ கழற்றினால் ஒரு சின்னப் பை கிடைக்கும், அதுதான் டூல் கிட். வண்டியை விற்கிற நாள் வரை அதைத் திறந்தே பார்க்காதவர்கள் உண்டு.

என் முதல் வண்டியில் ஒரு மாதத்திலேயே இடது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. ஹேண்டில்பாரை மாற்றிவிடலாம் என்று அரூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னை வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கிளட்ச்சைப் பிடிக்கச் சொன்னார். விரல்கள் மேலே ஏறி லீவரைத் தேடின, மணிக்கட்டு பின்னால் மடங்கி நின்றது. கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, லீவரை ஒரு விரல் கனம் கீழே சாய்த்து இறுக்கினார். அந்த வாரத்தோடு வலி போயிற்று. கூலி எவ்வளவு என்றதற்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக வர வேண்டும். முன் பிரேக் லீவருக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது காற்று. ஷோரூமுக்கு லாரியில் வந்து இறங்கும் வண்டிகளில் காற்று கூடுதலாகவே இருக்கும், டெலிவரி கொடுக்கும்போது பல இடங்களில் அதைக் குறைப்பதில்லை. வண்டி தூக்கிப் போடுகிறது, சீட்டை மாற்ற வேண்டும் என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு டயரில் காற்றுதான் பிரச்சினை. செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தனியாகப் போகும்போது எவ்வளவு, பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஊத்தங்கரைக்குக் கிளம்புகிற அன்று இரண்டாவது கணக்கு. பின் ஷாக்கில் படிப்படியாக வெட்டிய வளையம் இருந்தால், டூல் கிட்டில் உள்ள கொக்கி ஸ்பானரால் மனைவி ஏறும்போது ஒரு படியோ இரண்டு படியோ கூட்டலாம். கை எட்டாத இடத்தில் இருந்தால் சர்வீஸில் செய்யச் சொல்லுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். உங்களுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என ஹெல்மெட்டுக்கான ஐ.எஸ். 4151 தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். இருந்தும் ரோட்டோரத்தில் முத்திரையைப் போலியாக ஒட்டி விற்கிறார்கள், அதனால் பில்லோடு கடையில் வாங்குங்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கன்னம் இரண்டும் லேசாக அழுந்த வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது.

பிறகு செயின் ஸ்பிரேயும் ஒரு பிரஷ்ஷும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்றால் உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட்டும் கையடக்கப் பம்பும் வாங்கிப் பையில் போடுங்கள். மாரண்டஹள்ளிப் பக்கம் சாயங்காலம் ஆணி ஏறினால் கடை தேடி வண்டியைத் தள்ளுகிற வேலை இருக்காது.

பம்பர் வாங்கலாம். கம்பெனி தருவதையே வாங்குங்கள், அது வண்டியின் ஒரிஜினல் போல்ட் இடத்தில் உட்காரும். நிற்கும்போது வண்டி சாய்ந்தால் எஞ்சின் கவரையும் டேங்கையும் அது காப்பாற்றும். வேகத்தில் விழுந்தால் காலையும் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். பட்டறையில் தோசைக்கல் கனத்துக்கு வெல்டு செய்து தருகிற பம்பர் எளிதில் வளையாது. அடி நேராகச் சேசிஸுக்குப் போகும்.

அகலமான டயர் வேண்டாம். ரிம் மாறாமல் டயர் மட்டும் அகலமானால் விளிம்பு உள்ளே இழுக்கப்பட்டு நடுப்பகுதி கூர்ந்துவிடும், வளைவில் வண்டி ஒரே சீராகச் சாயாது. மைலேஜும் குறையும். சைலென்சரைப் பற்றி கீழே ஓர் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன், அதைப் படியுங்கள்.

இத்தனையும் வாங்கினாலும் உங்கள் 15,000-இல் மீதி நிற்கும். முதல் மழைக்குள் நல்ல ரெயின்கோட்.

கேள்வி: சூளகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு நைட் ஷிஃப்ட் போகிறேன். வண்டியின் ஹாலஜன் வெளிச்சம் போதவில்லை. எல்.இ.டி. பல்பு மாற்றலாமா, ஃபாக் லைட் போடலாமா?
— வாசகர், சூளகிரி

பதில்: முதலில் ஹெட்லைட்டின் கோணத்தைப் பாருங்கள். சுவருக்கு எதிரே பத்தடி தள்ளி, நீங்கள் வண்டியில் உட்கார்ந்தபடி டிம் லைட் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு லைட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே விழ வேண்டும். மேலே போனால் எதிரில் வருகிறவர் கண்ணுக்குத்தான் அது விளக்கு, ரோட்டுக்கு இல்லை. ரொம்பக் கீழே விழுந்தால் உங்களுக்குத் தெரிவது பத்தடிதான். ஒரு ஸ்குருவைத் திருப்பினால் சரியாகிவிடும்.

ஹாலஜன் கிண்ணத்துக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகாதீர்கள். கிண்ணத்தின் வளைவு ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. ஒளி வேறு இடத்திலிருந்து வந்தால் நாலாபக்கமும் சிதறும். பார்க்க வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும், தூரத்தில் பள்ளம் தெரியாது. 35 வாட் பல்பு இருந்த இடத்தில் 60 வாட் போட்டாலும் சிக்கல்தான். ஹோல்டர் உருகும், ஒயர் சூடாகும்.

ஃபாக் லைட்டில் நானே சூடு பட்டவன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் இரண்டு லைட் மாட்டினேன். அரை மணி நேரத்தில் வேலையை முடித்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து ராத்திரி சேலம் போகும்போது, தொப்பூர் இறக்கத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்தது. லாரி ஏதாவது பிரேக் பிடித்து வருகிறது என்று நினைத்தேன். அந்தக் கணவாயில் அது சகஜம். அடுத்த நிமிடம் ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. முன்னாலும் பின்னாலும் ட்ரெய்லர். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஓரத்தில் ஹெட்லைட்டைக் கழற்றினேன். ஹெட்லைட் ஒயரின் தோலைச் சீவி, அதில் ஃபாக் லைட் ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் இளகி வெல்லப்பாகு போல வழிந்திருந்தது. ரிலே (பேட்டரி மின்சாரத்தை லைட்டுக்குத் திறந்துவிடுகிற சின்ன ஸ்விட்ச்) இல்லை, தனி ஃபியூஸும் இல்லை.

ஆகவே மாட்டினால் இப்படி மாட்டுங்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வரட்டும். நடுவில் ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ். வண்டியின் ஒரிஜினல் ஒயரில் கத்தி படக் கூடாது, உங்கள் மாடலுக்கான கப்ளர் போட்ட ஒயரிங் கிட் கேளுங்கள். ஒயர் வெட்டியிருந்தால் எலக்ட்ரிக்கல் வாரண்டியை மறுக்க சர்வீஸ் சென்டருக்கு அதுவே காரணமாகிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் மாட்டிய லைட்டுக்கு கிளெய்ம் வராது. ஊருக்குள் அதை அணைத்து ஓட்டுங்கள்.

அதோடு, நான்குவழிச் சாலையில் இருட்டில் பயப்பட வேண்டியது ஓரமாக விளக்கில்லாமல் நிற்கிற லாரிக்கு. வெளிச்சம் கூடினாலும் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: மகன் காலேஜ் போக பைக் வாங்கிக் கொடுத்தோம். சத்தம் வருகிற சைலென்சர் மாற்ற வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். ‘எல்லாரும் போடுறாங்க, ஃபைன் கட்டினா போச்சு’ என்கிறான். நிஜமாகவே அவ்வளவுதானா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது அம்மா? உங்கள் பெயரிலோ அவர் அப்பா பெயரிலோ இருந்தால் வழக்கு வருவது உங்கள் மேல். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் மாற்றிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். சத்தத்துக்கும் புகைக்கும் 190(2) தனியாக இருக்கிறது. அதில் 10,000 ரூபாய் வரை போகும், லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தியும் வைப்பார்கள்.

பையனிடம் சட்டத்தைச் சொன்னால் காதில் ஏறாது. இதைச் சொல்லிப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சைலென்சரோடு சேர்ந்தே வரும், ஆக்சிஜன் சென்சாரும் அந்தக் குழாயில்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டினால் பெட்ரோல் கணக்கு தப்பும், எஞ்சின் விளக்கு எரியும், வண்டி பவர் இழக்கும். சத்தம் கூடியதால் வேகமாகப் போகிற மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். எஞ்சின் வாரண்டியும் கேள்விக்குறி.

ஏதாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால் நல்ல கிளவுஸ் வாங்கிக் கொடுங்கள். கண்ணாடியில் பார்த்துக்கொள்ள அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு ஷோரூமில் பைக் புக் செய்தேன். கொட்டேஷனில் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ் 7,800 ரூபாய். சாரி கார்டு, சீட் கவர், பம்பர், பாலிஷ் கோட்டிங். வேண்டாம் என்றால் ‘பேக்கேஜ் இல்லாம டெலிவரி கிடையாது சார்’ என்கிறார்கள்.
— வாசகர், பர்கூர்

பதில்: ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. ‘பேக்கேஜ் கட்டாயம்’ என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அந்த இடத்திலேயே குரல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

பட்டியலில் சாரி கார்டைக் கவனியுங்கள். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி வண்டியில் இருந்தாக வேண்டும். தனியாக ஏன் பில் என்று கேளுங்கள். விதி 138-இன்படி வண்டி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. தரத்தில் ஹெல்மெட்டையும் கம்பெனி தர வேண்டும். கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இன்சூரன்ஸையும் அங்கேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புது பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குக் கட்டாயம், அதை எங்கே எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். பாலிஷ் கோட்டிங்கைப் பட்டியலிலிருந்து துணிந்து நீக்கச் சொல்லுங்கள், புது வண்டிக்கு எதற்குப் பாலிஷ்?

கேள்வி: ஒகேனக்கல்லில் நிறுத்தியிருந்த புது பைக்கின் சீட்டைக் குரங்கு கிழித்துவிட்டது. வாரண்டியில் வருமா, இன்சூரன்ஸில் வருமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: வாரண்டியில் வராது, அது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கேட்காமல் இருப்பதே லாபம். முதல் வருடம் கிளெய்ம் எதுவும் இல்லையென்றால் புதுப்பிக்கும்போது சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. சீட்டுக்காக அதை இழக்காதீர்கள். தர்மபுரியில் குஷன் கடையில் கொடுத்தால் சில நூறு ரூபாயில் புது ரெக்சின் தைத்து அன்றைக்கே தருவார்கள். பக்கப் பையில் பொரி இருந்ததா?