‘ஆஸ்க்’ என்ற சொல்லுக்குப் பதில் எதைப் போடலாம்?

வாசகர் ஒருவரின் கேள்வி: “அலுவலக மின்னஞ்சல்களை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். ஒரே பத்தியில் நாலைந்து முறை ‘ஆஸ்க்’ வந்துவிடுகிறது. அகராதியில் அதற்கு ரிக்வெஸ்ட், என்குயர், டிமாண்ட், கொஸ்டின் என்று இணைச்சொற்கள் இருக்கின்றன. இவற்றை மாற்றி மாற்றிப் போடலாமா? ‘ஐ டிமாண்டட் மை மேனேஜர் ஃபார் டூ டேஸ் லீவ்’ என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். ஏன்?”

அப்படி மாற்றிப் போட முடியாது. இந்தச் சொற்கள் எல்லாமே கேட்பதைத்தான் சொல்கின்றன. ஆனால் யார், யாரிடம், எந்த உரிமையில் கேட்கிறார் என்பது ஒவ்வொன்றிலும் வேறு. அகராதியின் இணைச்சொல் பட்டியல் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் வீட்டுச் சொல். 1535-இல் வந்த கவர்டேல் பைபிள் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘கேளுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்படும்’ என்ற வசனத்தில்கூட அது ‘ஆக்ஸ்’ என்ற வடிவத்தில் இருக்கிறது. மற்ற நான்கும் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தவை. அதனால்தான் ‘ஆஸ்க்’ குழந்தையிடமும் பேசும், முதலாளியிடமும் பேசும். மற்றவற்றுக்கு ஒரு விறைப்பு உண்டு.

உங்களைச் சிக்கலில் மாட்டிவிட்ட ‘டிமாண்ட்’டை முதலில் பார்ப்போம். பிரெஞ்சில் இதன் மூலச்சொல்லுக்கு வெறுமனே கேட்பது என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் அது ‘கொடுத்தே ஆக வேண்டும்’ என்ற தொனிக்கு மாறிவிட்டது. விடுப்புக்கு அது பொருந்தாது. இலக்கணமும் இடிக்கிறது: இந்த வினைக்குப் பின்னால் கேட்கப்படும் பொருள்தான் வரும், ஆள் நேரடியாக வர மாட்டார். ‘டிமாண்டட் ஆன் ஆன்சர்’ சரி, ‘டிமாண்டட் ஹிம்’ தவறு. ஆனால் எழுவாய் மனிதராக இல்லாதபோது இந்தக் கடுமை போய்விடும். ‘திஸ் வொர்க் டிமாண்ட்ஸ் பேஷன்ஸ்’ என்றால் இந்த வேலைக்குப் பொறுமை தேவை, அவ்வளவுதான்.

‘ரிக்வெஸ்ட்’ பணிவான, எழுத்துக்கு ஏற்ற சொல். இதில் அடிக்கடி பார்க்கும் பிழை, வினைக்குப் பின் ‘ஃபார்’ சேர்ப்பது. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. வினையாக வந்தால் ‘ஐ ரிக்வெஸ்டட் லீவ்’ போதும். அப்புறம், நண்பரிடம் பேனா கேட்டதற்கெல்லாம் இதைப் போட்டால் மனு கொடுத்த மாதிரி இருக்கும்.

‘என்குயர்’ தகவல் கேட்பதற்கு மட்டும்தான். பொருளோ உதவியோ கேட்க உதவாது. ரயில் எத்தனை மணிக்கு என்று என்குயர் செய்யலாம், பணம் என்குயர் செய்ய முடியாது. பின்னால் ‘அபவுட்’ வந்தால் விவரம் கேட்பது, ‘ஆஃப்டர்’ வந்தால் நலம் விசாரிப்பது, ‘இன்டு’ வந்தால் துருவி விசாரிப்பது. இந்தக் கடைசிப் பொருளில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பலர் ‘இன்குயர்’ என்று முதலெழுத்தை மாற்றி எழுதுவார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் எல்லாவற்றுக்குமே ‘இன்குயர்’தான்.

இந்தப் பட்டியலில் மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது என்று நான் நினைப்பது ‘கொஸ்டின்’. ‘ஐ கொஸ்டின்ட் தி டீச்சர்’ என்று எழுதினால் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரைக் குறுக்கு விசாரணை செய்தது போல ஒலிக்கும். ‘ஐ கொஸ்டின் யுவர் டிசிஷன்’ என்றால் உங்கள் முடிவு சரிதானா என்று எனக்கு ஐயம் இருக்கிறது என்று பொருள். மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் இது தெரியாமல் விழுந்தால் மனக்கசப்பு வரும். கேள்வி கேட்டதைச் சொல்ல ‘ஆஸ்க்டு ஹிம் எ கொஸ்டின்’ என்பதே நல்லது.

‘ஆஸ்க்’கிலும் ஒரு இடம் தடுக்கும். தமிழில் ‘அவரிடம்’ என்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கத்தில் பலர் ‘ஆஸ்க்டு டு ஹிம்’ என்று எழுதுகிறார்கள். நடுவில் ‘டு’ வேண்டாம், ‘ஆஸ்க்டு ஹிம்’ போதும். ஆனால் வேறொரு வினைக்கு முன்னால் ‘டு’ வரும்போது பொருளையே கவனிக்க வேண்டும். ‘ஐ ஆஸ்க்டு டு லீவ்’ என்றால் நான் கிளம்ப அனுமதி கேட்டேன். ‘ஐ ஆஸ்க்டு ஹிம் டு லீவ்’ என்றால் அவரைக் கிளம்பச் சொன்னேன்.

சரி, நாலைந்து முறை வருகிறதே, என்ன செய்வது? ஒரு பத்தியில் இரண்டு மூன்று முறை வந்தால் விட்டுவிடுங்கள், படிப்பவர் கண்ணில் அது உறுத்தாது. அதற்கு மேல் போனால் வாக்கியத்தையே மாற்றிப் பாருங்கள். தகவலுக்கு ‘வான்டட் டு நோ’ என்று எழுதலாம். ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டதற்கு ‘செக்டு வித்’ இயல்பாக இருக்கும். அடுத்தடுத்துக் கேட்ட இரண்டை ஒரே ‘ஆஸ்க்’கின் கீழ் ‘அண்ட்’ போட்டு இணைக்கலாம். உங்கள் விடுப்பு வாக்கியத்தை ‘ஐ ஆஸ்க்டு மை மேனேஜர் ஃபார் டூ டேஸ் லீவ்’ என்றே எழுதுங்கள். விண்ணப்பக் கடிதமாக இருந்தால் ‘ஐ ரிக்வெஸ்ட் டூ டேஸ் லீவ்’ என்று தொடங்கலாம்.