2002-ல் வந்த சுடும் கேம் புதுக் கணினியில் திறந்தவுடன் மூடிவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். தயவுசெய்து கார்டைக் கழற்றாதீர்கள். நான் கழற்றியவன், அதனால்தான் எழுதுகிறேன்.

கேமின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. திரை ஒரு நொடி கறுத்து, எந்தச் செய்தியும் இல்லாமல் டெஸ்க்டொப்புக்கு வந்துவிடுகிறது என்று எழுதியிருப்பதால், மெடல் ஒஃப் ஒனர் அலைட் அசோல்ட் அல்லது அதைப்போல குவேக் 3 என்ற பழைய கேமின் எஞ்சினில் செய்த வேறொன்று என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் கீழே ஐஜிஐ என்ற கேமைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள்.

எனக்கு ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவு. ஏஎம்டியின் ரேடியான் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை ஒன்லைனில் ஒரு கொழும்புக் கடையில் எடுத்தேன். புதுக் கேம் எல்லாம் ஓடியது, நான் ஆசைப்பட்ட அந்த ஒன்றைத் தவிர. கல்முனையில் ஒரு கடையில் காட்டினேன். கடைத் தம்பி மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பவர் சப்ளை காணாது" என்றார். மாற்றினேன். அதே கறுப்புத் திரை. "அப்ப கார்ட்தான்" என்றார். வாரண்டிக்கு நேரில் கொண்டுவரச் சொல்லிவிட்டது கொழும்புக் கடை.

ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று இவ்வளவு சனம் இருக்கிறோம். ரயில் வரப்போகுது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் காது புளித்துவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் கார்ட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் விடிய விடிய முழித்திருந்தவனுக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு. அங்கே கவுண்டரில் இருந்தவர் புதுக் கேம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டிக் காட்டினார். குறை ஒன்றும் இல்லை. "பழைய கேமுக்கு நாங்க என்ன செய்ய?" என்றார். அதுவும் நியாயம்தான். பவர் சப்ளைக்குக் கொடுத்த காசுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

நடந்தது இதுதான். ஓபன்ஜிஎல் என்ற முறையில் படம் வரையும் கேம் (குவேக் 3 எஞ்சினில் செய்தவை இந்த ரகம்) திறக்கும்போது, உனக்கு என்னென்ன தெரியும் என்று கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கேட்கும். டிரைவர் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களின், அதாவது கூடுதல் வசதிகளின், பெயர்களை இடைவெளி விட்டு ஒரே வரியாக ஒப்புவிக்கும். 2002-ல் அந்த வரி சிறியது. கேமை எழுதியவர்களும் அதற்கு ஏற்ற அளவில்தான் நினைவகத்தில் இடம் விட்டார்கள். இன்றைய கார்ட் நூற்றுக்கணக்கான பெயர்களைச் சொல்கிறது. சுண்டுக்குள் ஒரு மூட்டை நெல்லைக் கொட்டினால் என்ன ஆகும்? வழிந்துபோய்ப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், கேம் விழுந்துவிடும். அன்றைக்கு எழுதியவர்களை இதற்குத் திட்ட முடியாது. இருபது வருடம் கழித்து இந்த வரி இவ்வளவு நீளும் என்று யார் கண்டார்?

லினக்ஸின் மெசா டிரைவரில் இதற்கென்றே ஒரு தெரிவு வைத்திருக்கிறார்கள். மெசா எக்ஸ்டென்ஷன் மேக்ஸ் இயர் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில், சொற்களுக்கிடையே கீழ்க்கோடு போட்டு, சமக்குறியிட்டு 2002 என்று எழுதி, அதே வரியில், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருள் மூலம் கேமைத் திறக்க வேண்டும். 2002-க்குப் பிறகு வந்த பெயர்களை டிரைவர் வாயைத் திறந்து சொல்லாது. வேறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். 32 பிட் மெசா கோப்புகளும் இருக்க வேண்டும், அதை மறந்து நான் ஒரு நாளை வீணாக்கினேன். விண்டோஸில் என்விடியா வைத்திருந்தவர்களுக்கு முன்பு கட்டுப்பாட்டுப் பலகையிலேயே எக்ஸ்டென்ஷன் லிமிட் என்று ஒரு தெரிவு இருந்தது.

ஐஜிஐ, 2000-ல் வந்தது, வேறு சாதி. அது ஓபன்ஜிஎல்லுக்குப் பதிலாக மைக்ரோசொஃப்டின் டைரக்ட்3டி முறையில் படம் வரைவது. டிஜிவூடூ 2 என்ற இலவச மென்பொருளில் உள்ள டிடிரா, டி3டிஇம் என்ற இரண்டு டிஎல்எல் கோப்புகளைக் கேம் இருக்கும் ஃபோல்டரில் போட்டால், பழைய கட்டளைகளை டைரக்ட்3டி 11-க்கு மாற்றிக் கொடுக்கும். ஆனால் ஐஜிஐயில் மிஷன் நடுவில் சேவ் செய்ய முடியாது என்பதை இந்த மென்பொருளால் திருத்த ஏலாது. கரண்ட் போகும் ஊரில் அதை விளையாடியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அசல் சீடியை வைத்து விண்டோஸ் 10-ல் முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சேஃப்டிஸ்க் என்ற, பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு போட்ட சீடிகள் அதில் திறக்காது, அந்தப் பூட்டின் டிரைவரையே மைக்ரோசொஃப்ட் எடுத்துவிட்டது. என்னிடம் இருந்தது அசல் சீடியும் இல்லை. பிறகு ஜிஓஜி என்ற ஒன்லைன் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கிவிட்டேன், ஆகவே திருட்டுப் பிரதி பற்றி எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

யுத்தம் பார்த்த ஊரில் பிறந்துவிட்டு யுத்த கேமுக்கு இவ்வளவு பாடா என்று கேட்க ஒருவர் வருவார், எப்போதும் வருவார். அவருக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2006-ல் பின்னேரங்களில் ரோந்து ஒழுங்கையால் போகும். வெடிச்சத்தம் வெளியே கேட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் அம்மா ஸ்பீக்கர் வயரைக் கழற்றி அரிசி வாளிக்குள் வைத்துவிடுவார். ஒமாஹா கடற்கரை மிஷனை நான் சத்தமே இல்லாமல் முடித்தேன். குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மண் தெறிப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன்.

இந்த முறை ஓடியதும் ஸ்பீக்கரைப் போட்டேன். படகுக்குள் கடல் இரைகிறது, பக்கத்தில் நிற்பவன் ஏதோ கத்துகிறான், எல்லாம் எனக்குப் புதிது. குசினியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"இதுக்குச் சத்தமும் இரிக்கா மனே?"

சரி, உங்கள் கார்ட் ஏஎம்டியா என்விடியாவா என்று கேள்வியில் சேர்த்துவிடுங்கள். அது தெரியாமல் இதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல ஏலாது. அதுவரை பவர் சப்ளையை யாராவது மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.