எருக்கில் மொய்க்கும் வெட்டுக்கிளிக்கு மருந்து அடிக்கலாமா?

தர்மபுரி பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: “வேலியோர எருக்கஞ்செடியில் மஞ்சள் உடம்பும் நீலப் பட்டையுமாக வெட்டுக்கிளிகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. பாலைவன வெட்டுக்கிளி என்று கடைக்காரர் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார். எருக்கையும் வெட்டச் சொல்கிறார். பக்கத்தில் பப்பாளி போட்டிருக்கிறேன்.”

மருந்து வாங்காதீர்கள். எருக்கை வெட்டவே வெட்டாதீர்கள்.

அது எருக்கு வெட்டுக்கிளி, நம்மூர்ப் பூச்சி. 2020 மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் பாலைவன வெட்டுக்கிளி வந்துவிட்டதென்று கிளம்பிய பீதியும் எருக்கில் மொய்த்த உள்ளூர் வெட்டுக்கிளியால்தான்.

பாலைவன வெட்டுக்கிளி தனியாக இருக்கும்வரை சாது. நெரிசலில் பின்னந்தொடை உரச உரச அதன் நரம்பில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் ஏறும். சில மணி நேரத்தில் குணம் மாறிக் கூட்டம் தேடும். அப்புறம் நிறமும் மாறும்: சிறகு முளைத்த புதிதில் இளஞ்சிவப்பு, முதிர்ந்தால் மஞ்சள். நீலப் பட்டை வரவே வராது. உங்கள் வேலியில் இருப்பதற்கு இந்த மாற்றமெல்லாம் கிடையாது, தூரம் பறக்கவும் தெரியாது.

கடைக்காரர் சொல்வதை நம்பி இப்படிக் காசைக் கொட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எந்தப் பூச்சி என்று பார்க்காமலே கலவை மருந்தை நீட்டுகிறவரிடம், இந்தப் பயிருக்கு, இந்தப் பூச்சிக்கு என்று டப்பாவில் எங்கே போட்டிருக்கிறது எனக் கேளுங்கள். பில்லும் கேளுங்கள். கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வேளாண்மை அலுவலகத்துக்குப் படம் அனுப்பியவரை வாரக்கணக்கில் காத்திருக்க வைத்தால், விவசாயி கடைக்குப் போகாமல் வேறெங்கே போவார்? ஒரு பூச்சிக்குப் பெயர் சொல்ல இத்தனை நாளா?

பப்பாளி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். எருக்கு மொட்டையானால் இவை பப்பாளிக்குத் தாவும். நீங்களே வெட்டினால் அன்றைக்கே தாவும். அதனால் எருக்கில் இலை இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். குறைந்துவிட்டால் விடிகாலையில், குளிரில் மந்தமாக இருக்கும்போது, உறை போட்ட கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெட்டுக்கிளி மூச்சு விடுவது உடம்பின் பக்கவாட்டுத் துளைகளால். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிவிடும், சோப்புத் தண்ணீர் துளைக்குள் இறங்கிவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் குஞ்சுகள் முதுகிலிருந்து நீரைப் பீய்ச்சும். எருக்கம்பால் தின்று வளர்ந்தவை, கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளைப் பொறுக்க அனுப்பாதீர்கள்.