ஓராண்டுச் சதவீதத்தை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தலாமா?

கேள்வி: மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். ஒவ்வொரு நாட்டின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வும் ஓர் ஆண்டில் எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்று மாணவர்களோடு சேர்ந்து பட்டியல் போட்டோம். முதல் இடங்களில் மிகச் சிறிய நாடுகள் வந்து நிற்கின்றன. அடுத்த ஆண்டுக்குப் போட்டுப் பார்த்தால் வரிசையே கலைந்துவிடுகிறது. வேறொரு தரவுத்தளத்தில் அதே நாட்டுக்கு வேறு எண். சுவரில் ஒட்டப்போகும் வரைபடம் இது. எந்தக் கணக்கைப் போடுவது, எது எல்லா நாடுகளுக்கும் நியாயமாக இருக்கும்?

பதில்: உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இருக்காது. ஆனாலும் அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம் என்றே சொல்வேன். ஓராண்டுச் சதவீதம் பெரும்பாலும் அந்த ஆண்டில் மழை எப்படி, போர் உண்டா, புது மின் நிலையம் திறந்தார்களா என்பதைத்தான் சொல்கிறது. அந்த நாடு எந்தத் திசையில் போகிறது என்று அதிலிருந்து படிக்க முடியாது. அதைப் படிப்பதற்குத்தானே மாணவர்கள் வரைபடத்தின் முன்னால் நிற்கப் போகிறார்கள்.

சிறிய நாடுகள் முதலில் வருவதற்குக் காரணம் எளிது. லாவோஸில் ஹொங்சா என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரியை எரிக்கும் 1,878 மெகாவாட் அனல் மின் நிலையம் 2015இலும் 2016இலும் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. அந்த ஒரு நிலையத்தால் நாட்டின் மொத்த உமிழ்வே பல மடங்காகிவிட்டது. அந்த ஆண்டுகளின் பட்டியலில் லாவோஸ் உச்சியில் இருந்ததில் வியப்பில்லை. இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்: அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி தாய்லாந்துக்குப் போகிறது. புகை லாவோஸின் கணக்கில், வெளிச்சம் தாய்லாந்தில். எதிர்த்திசையில் எஸ்தோனியாவைப் பாருங்கள். எண்ணெய் செறிந்த பாறையை எரித்தே நெடுங்காலம் மின்சாரம் எடுத்த நாடு அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் உரிமங்களின் (ஒவ்வொரு டன் உமிழ்வுக்கும் ஆலைகளிடம் இருக்க வேண்டிய அனுமதிகளின்) விலை ஏறியதும் அந்த மின்சாரம் கட்டுப்படியாகவில்லை. 2019இல் நாட்டின் பசுங்குடில் வாயு உமிழ்வு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது.

பெரிய நாடுகளுக்கு வருவோம். சதவீதமும் டன்னும் எப்படி வேறு வேறு கதை சொல்கின்றன என்பதற்கு 2023ஐ விட நல்ல பாடம் கிடைக்காது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி அந்த ஆண்டில் சீனாவின் உமிழ்வு 56.5 கோடி டன் கூடி 1,260 கோடி டன்னை எட்டியது. இந்தியாவில் 19 கோடி டன் கூடி மொத்தம் 280 கோடி டன் ஆனது. சதவீதத்தில் இந்தியா 7ஐத் தாண்டுகிறது, சீனா 5ஐத் தொடவில்லை. உங்கள் பட்டியலில் இந்தியாதான் மேலே வரும். வளிமண்டலத்துக்கோ சதவீதம் தெரியாது. அதற்குப் போய்ச் சேர்ந்த கூடுதல் சுமையில் சீனாவின் பங்கு இந்தியாவைப்போல மூன்று மடங்கு. ஆகவே முதல் விதியாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: சதவீதத்தை எழுதும் இடத்திலெல்லாம் பக்கத்திலேயே டன்னையும் எழுத வேண்டும்.

அந்த 19 கோடி டன்னையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதில் ஏறக்குறைய கால் பங்குக்கு அந்த ஆண்டின் பலவீனமான பருவமழையே காரணம் என்கிறது அதே முகமை. மழை பொய்த்தால் அணைகளில் நீர்மின் உற்பத்தி குறையும், மின்சாரத் தேவையோ கூடும். இரண்டையும் ஈடுகட்ட நிலக்கரிதான் எரியும். உலக அளவிலும் அதுவே நடந்தது. 2023இல் உலகம் முழுவதும் கூடிய உமிழ்வு சுமார் 41 கோடி டன். வறட்சியால் நீர்மின் குறைந்து, அதற்கு மாற்றாக எரிபொருளை எரித்ததால் வந்தது மட்டும் சுமார் 17 கோடி டன். இந்த ஒற்றை ஆண்டை வைத்து ஒரு நாட்டின் கொள்கையைப் பாராட்டுவதும் பழிப்பதும் எவ்வளவு அவசரம் என்று யோசியுங்கள். அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு 9% அளவுக்கு இறங்கியதிலும் காற்றாலை, சூரிய மின்சாரம், நீர்மின் மீட்சி, ஆலை உற்பத்திச் சரிவு என நல்லதும் கெட்டதும் கலந்தே இருந்தன.

அடிப்படை ஆண்டு, அதாவது எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோமோ அந்த ஆண்டு, விரிக்கும் வலை இதைவிடப் பெரிது. கொரோனாவால் 2020இல் உலக உமிழ்வு 5% அளவுக்கு விழுந்தது. 2021இல் அதே அளவுக்கு, சில கணக்குகளில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே, எழுந்தது. 2021ஐ மட்டும் எடுத்தால் எல்லா நாடுகளும் திடீரென்று பொறுப்பை மறந்துவிட்டதைப் போலத் தெரியும். இந்தியாவில் 2020இல் 7% அளவில் இறக்கம், 2021இல் 10%க்கு மேல் ஏற்றம். இரண்டையும் சேர்த்தால் 2019ஐ விட 3 அல்லது 4 சதவீதமே கூடுதல். சீனாவின் உமிழ்வு 2020இலும் இறங்கவில்லை. அதனால் மற்றவர்களுக்கு வந்த அந்தப் போலி ஏற்றம் அதற்கு வரவில்லை. 2020, 2021 இரண்டையும் தொடக்க ஆண்டாகவோ முடிவு ஆண்டாகவோ தயவுசெய்து வைக்காதீர்கள்.

அப்படியானால் எதைப் போடுவது? பத்தாண்டுக் கூட்டு வளர்ச்சி விகிதம். முடிவு ஆண்டின் டன்னைத் தொடக்க ஆண்டின் டன்னால் வகுத்து, வந்த எண்ணுக்குப் பத்தாம் மூலம் எடுத்து, அதிலிருந்து 1ஐக் கழித்தால் போதும். கணினி அட்டவணையில் ஒரே வரி வேலை. தொடக்கத்திலும் முடிவிலும் ஒற்றை ஆண்டை எடுக்காமல் மும்மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுத்தால் மழையின் விளையாட்டு பெருமளவு அடங்கிவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

இந்த முறையில் பார்த்தால் ஓராண்டுப் பட்டியலில் புலப்படாத திருப்பங்கள் தெரியும். சீனாவின் உமிழ்வு 2000க்கும் 2010க்கும் இடையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9% வளர்ந்தது. 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் எஃகும் சிமென்ட்டும் ஏற்றுமதி ஆலைகளும் பெருகிய காலம் அது. அடுத்த பத்தாண்டில் அந்த வேகம் 2.4% அளவுக்குக் குறைந்தது. குறைந்த வேகம்தான், ஆனாலும் ஆண்டுக்குச் சராசரியாக 23 கோடி டன் கூடிக்கொண்டே போனது. அதே பத்தாண்டில் இந்தியாவின் வேகம் 3.7% அளவில் இருந்தும், கூடியது ஆண்டுக்கு 7 கோடி டன்னை ஒட்டித்தான் (இந்தக் கணக்கு, நான் தவிர்க்கச் சொன்ன 2020இல் முடிவதால் இந்தியாவின் எண் சற்றுக் குறைவாகவே தெரிகிறது). இறங்கும் பக்கத்தில், அமெரிக்கா 2005க்கும் 2023க்கும் இடையே சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தது, அதாவது ஆண்டுக்கு 1.2%. பிரிட்டன் 1990இலிருந்து 2023க்குள் கார்பன் டை ஆக்சைடை ஏறத்தாழப் பாதியாக்கியது, அதாவது ஆண்டுக்கு 2% அளவு. அதன் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் ஆன் சோர் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ‘ஆண்டுக்கு 2%’ என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். அதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் செய்தால் பாதி ஆகிறது.

தொடக்க ஆண்டைத் தேர்வதில் இன்னொரு எச்சரிக்கை. ரஷ்யாவை 1990இலிருந்து கணக்கிட்டால் பெரிய சரிவு காட்டும். 1998இலிருந்து கணக்கிட்டால் ஏற்றம் காட்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்தது சோவியத் பொருளாதாரத்தின் வீழ்ச்சி. காலநிலைக் கொள்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அரசுகளுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். 2030 இலக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1990ஐ அடிப்படையாக வைத்தது, அமெரிக்கா 2005ஐ, ஜப்பான் 2013ஐ. ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகள் நின்று, நிலக்கரியும் எரிவாயுவும் எரிந்து ஜப்பானின் உமிழ்வு உயர்ந்து நின்ற ஆண்டு 2013. சீனாவும் இந்தியாவும் அறிவித்த இலக்குகளில் முக்கியமான ஒன்று, உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் ஆகும் உமிழ்வைக் குறைப்பது. அந்த விகிதம் இறங்கும்போதே மொத்த டன் ஏறிக்கொண்டிருக்கலாம். ஆகவே எல்லா நாடுகளுக்கும் நீங்களே ஒரே தொடக்க ஆண்டை வையுங்கள், ஏன் அந்த ஆண்டு என்பதையும் வரைபடத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.

வேறுபாடு ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். ஜப்பானிய எரிசக்தி அறிஞர் யோய்ச்சி கயாவின் சமன்பாடு இதற்குக் கைகொடுக்கும். மக்கள்தொகை, ஒருவருக்கான வருமானம், ஓர் அலகு வருமானத்துக்குச் செலவாகும் எரிசக்தி, ஓர் அலகு எரிசக்திக்கு வெளியாகும் கார்பன் ஆகிய நான்கையும் பெருக்கினால் உமிழ்வு. வளர்ச்சி விகிதங்கள் சிறியவையாக இருக்கும்வரை அவற்றைக் கூட்டினாலே போதும். ஒரு நாட்டில் மக்கள்தொகை 1% கூடுகிறது, வருமானம் 5% கூடுகிறது, மூன்றாவது காரணி 2.5% குறைகிறது, நான்காவது 0.5% குறைகிறது என்று வைத்துக்கொண்டால் உமிழ்வு ஆண்டுக்கு 3% ஏறும். அமெரிக்கா இறங்கியதற்குப் பெரிய காரணம் நான்காவது காரணி: மின்சாரத்துக்கு நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. ஒரே அளவு மின்சாரத்துக்கு எரிவாயு வெளிவிடுவது நிலக்கரி வெளிவிடுவதில் பாதி அளவே. ரஷ்யா 1990களில் இறங்கியது இரண்டாவது காரணியால், மக்கள் ஏழைகளானதால். இரண்டு நாடுகளும் வரைபடத்தில் ஒரே நிறத்தில் ‘குறைந்தது’ என்று காட்டப்படுவது எனக்கு மனத்தை உறுத்தும். உமிழ்வைத் துன்பமில்லாமல் இறக்க முடியும் என்பதுதான் மாணவர்களுக்கு நாம் காட்ட வேண்டியது. அதற்கு இந்த இரண்டு இறக்கங்களையும் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

தரவுத்தளங்கள் முரண்படுவதைக் கண்டு கலங்க வேண்டாம். உலக உமிழ்வை ஆண்டுதோறும் கணக்கிடும் ஆய்வாளர் குழுவான உலகக் கார்பன் திட்டம் சிமென்ட் தயாரிப்பில் வெளியாவதையும் சேர்க்கிறது. எரிசக்தியை மட்டும் எண்ணுபவர்கள் உண்டு, மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக மாற்றிச் சேர்ப்பவர்களும் உண்டு. சில பழைய அட்டவணைகள் கார்பனின் எடையை மட்டும் தரும். அதை 3.67ஆல் பெருக்கினால்தான் கார்பன் டை ஆக்சைடின் எடை. காடழிப்பு பெரும்பாலும் தனிக் கணக்கு, ஆகவே பிரேசிலும் இந்தோனேசியாவும் எரிபொருள் பட்டியலில், உண்மையில் இருப்பதைவிடச் சிறியவையாகத் தெரியும். பன்னாட்டு விமானங்களும் கப்பல்களும் எந்த நாட்டின் கணக்கிலும் சேராது. வெளியான எண்கள் பின்னால் திருத்தப்படுவதும் உண்டு. சீனா தன் நிலக்கரிப் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தைச் சில ஆண்டுகளுக்கு 17% வரை உயர்த்தித் திருத்தியது 2015இல் தெரியவந்தது. ஒரு வரைபடத்துக்கு ஒரே தரவுத்தளம், அதிலும் ஒரே பதிப்பு. இரண்டைக் கலந்தால் இல்லாத வளர்ச்சி பிறக்கும். லீப் ஆண்டின் கூடுதல் நாள்கூட 0.27% சேர்க்கிறது. உலக வளர்ச்சியே 1%ஐ ஒட்டி நிற்கும்போது இது சிறிய எண் இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்ட நியாயம். வளர்ச்சி விகிதம் மட்டும் இருக்கும் வரைபடம், எங்கிருந்து வளர்கிறார்கள் என்பதை மறைத்துவிடும். 2023இல் உலகச் சராசரி ஒருவருக்கு 4.6 டன் அளவு, இந்தியாவில் 2 டன், சீனாவில் 8க்கு மேல், அமெரிக்காவில் 14 அளவு. வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: ஒரு நாட்டில் ஒருவருக்கு 2 டன், ஆண்டுக்கு 5% ஏற்றம். இன்னொன்றில் 14 டன், ஆண்டுக்கு 2% இறக்கம். இரண்டும் எப்போது சந்திக்கும்? விடை 28 ஆண்டுகள், அதுவும் 8 டன்னில். முதல் நாட்டை ‘மோசம்’ என்றும் இரண்டாவதைச் ‘சிறப்பு’ என்றும் குறித்த மாணவர், அந்த 28 ஆண்டுகளில் யார் மொத்தம் எவ்வளவு வெளிவிட்டார்கள் என்று கூட்டிப் பார்க்கட்டும். அந்த 8 டன் இன்றைய உலகச் சராசரியைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும் கவனிக்கட்டும்.

ஆக, உங்கள் சுவருக்கு: கிடையச்சில் பத்தாண்டுக் கூட்டு வளர்ச்சி விகிதம், நிலையச்சில் ஒருவருக்கான டன். ஒவ்வொரு நாடும் ஒரு வட்டம். வட்டத்தின் பரப்பு அந்த நாட்டின் மொத்த டன்னுக்கு ஏற்ப இருக்கட்டும். ஆரத்தை டன்னுக்கு ஏற்ப வைத்தால் பெரிய நாடுகள் அளவுக்கு மீறி ஊதிவிடும். ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்குக் கீழே உள்ள நாடுகளை வட்டமாகப் போடாமல் ஓரத்தில் பெயர்ப் பட்டியலாகத் தாருங்கள். மின் நிலையம் திறந்தது, போர், பொருளாதார வீழ்ச்சி எனத் தனிக் காரணம் தெரிந்த இடங்களில் வட்டத்தின் அருகிலேயே நான்கைந்து சொற்களில் எழுதிவிடுங்கள். பழைய ஓராண்டுப் பட்டியலையும் தூக்கிப் போட வேண்டாம். அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் பட்டியல்களைப் பக்கத்தில் ஒட்டி, வரிசை ஏன் இப்படி மாறுகிறது என்று மாணவர்களே ஒவ்வொரு நாட்டுக்கும் காரணம் தேடட்டும்.