ஈவ்வாருக்குப் படகில் போங்கள்

கேள்வி: ஜூன் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு லோசானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். ஜெனீவா ஏரியின் பிரெஞ்சுக் கரையில், மதில் சூழ்ந்த ஈவ்வார் என்ற பழைய கிராமத்தைப் பார்க்க ஆசை. எங்களிடம் இருப்பது ஒருமுறை நுழையும் சுவிஸ் விசா. அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. காரில் போவதா, படகிலா? எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் விசா. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் இரண்டுமே ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள். உங்களிடம் இருப்பது ஷெங்கன் விசாதான் என்பதால், ஏரியைக் கடந்து பிரான்சுக்குப் போய்த் திரும்பினால் அது இன்னொரு நுழைவாகக் கணக்கில் வராது. ஆனால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், எந்தக் கரையிலும் சோதிக்கலாம். சுவிட்சர்லாந்திலேயே வாழும் ஈழத்தமிழ் உறவுகள் உங்களுடன் வருவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: 'எஃப்' அனுமதி (தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் அட்டை) வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே பயண அனுமதி பெறாமல் எல்லை தாண்டக்கூடாது. இருபது நிமிடப் படகுப் பயணம்தானே என்று ஏறிவிட வேண்டாம்.

கார் வேண்டாம். லோசானிலிருந்து சாலையில் போனால் பாதி ஏரியைச் சுற்ற வேண்டும், ஜெனீவா வழியாகப் போனால் நகர நெரிசலையும் தாண்ட வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் வண்டியை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு நடந்துதான் உள்ளே போகலாம். லோசானிலிருந்து, சுவிஸ் கரையிலேயே இருக்கும் நியோன் என்ற ஊருக்கு ரயிலில் அரை மணி நேரம். அங்கிருந்து சி.ஜி.என். நிறுவனத்தின் படகு நேர் எதிரே ஈவ்வாருக்கு 20 நிமிடத்தில் கொண்டுபோய் விடும்.

வசதிக்காக மட்டும் படகைச் சொல்லவில்லை. அந்த ஊர் அங்கே இருப்பதே தண்ணீரைக் காவல் காக்கத்தான். ஜெனீவாப் பக்கமுள்ள குறுகிய பகுதியைச் 'சின்ன ஏரி' என்பார்கள், அகன்ற பகுதி 'பெரிய ஏரி'. இரண்டும் சேரும் இடத்தில் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஈவ்வார் இருக்கிறது. போகவர எந்தப் படகும் அதன் கண்ணில் படாமல் தப்ப முடியாது. அப்போது இந்தக் கரையை ஆண்ட சவாய் நாட்டுக் கோமகன் ஐந்தாம் அமடேயுஸ் 1306-இல் இங்கே கோட்டையும் மதிலும் எழுப்பத் தொடங்கியது அதனால்தான். பிற்பாடு போர்களில் கோட்டை எரிந்து, நூற்றாண்டுக்கணக்கில் கூரையில்லாமல் நின்றது. ஊர் மீன்பிடிக் கிராமமாகச் சுருங்கியது. இடித்துப் புதிதாகக் கட்டும் செல்வம் யாரிடமும் இல்லாததால் பழைய தெருக்கள் அப்படியே தப்பின என்றுதான் நான் நினைக்கிறேன். காரில் வந்து பின்வாசல் வழியாக நுழைபவருக்கு இது புரியாது. படகின் முன்பக்கம் நின்று, சதுரமான அந்தக் கோட்டைக் கோபுரம் மெல்லப் பெரிதாவதைப் பார்த்தால் சொல்லாமலே புரியும்.

கோட்டைக்குள் போக முடியாது, அது தனியார் குடும்பத்தின் வீடு. பலர் இதை அங்கே போன பிறகுதான் அறிந்து ஏமாறுகிறார்கள். அதற்குப் பதிலாக, கோட்டையின் பழைய காய்கறித் தோட்டம் இருந்த இடத்தில் 1988-இல் திறந்த 'ஐம்புலன் தோட்டம்' இருக்கிறது. முகர்ந்து பார்க்க, தொட்டுப் பார்க்க, சுவைக்க எனத் தனித்தனிப் பாத்திகள். கட்டணம் உண்டு. அம்மாவுக்குச் செடி கொடி பிடிக்குமென்றால் கட்டாயம் போங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், ஜூனில் திறந்திருக்கும்.

ஊர் மிகச் சிறியது. இரண்டு மதில் வாசல்கள், வெங்காய வடிவக் கூம்பு கொண்ட புனித பன்கிராஸ் தேவாலயம், பூத்தொட்டிகள் தொங்கும் கல்வீடுகள் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தோட்டமும் சாப்பாடும் சேர்ந்தால் மூன்று மணி நேரம். பகலில் கூட்டம் நெரியும். முடிந்தால் வாரநாளில், முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள்.

மூட்டுவலிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஈவ்வாரைவிட நியோனைத்தான். ரயில் நிலையம் மேட்டில், படகுத்துறை பள்ளத்தில். போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். திரும்பும்போது டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். ஈவ்வாரிலும் துறையிலிருந்து ஊருக்குள் ஏற்றம்தான், கற்கள் பாவிய தெரு. அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், ரப்பர் அடி வைத்த ஷூ போடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு இந்த ஏரிக்கரை முழுக்கப் பேர்போனது 'பெர்ஷ்' மீன் வறுவல். பல இடங்களில் இறக்குமதி மீனும் பரிமாறுகிறார்கள், இந்த ஏரி மீனா என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். சைவமென்றால் சீஸ் அல்லது காளான் வைத்த க்ரெப் (தோசைபோல மெல்லிய பிரெஞ்சுப் பதார்த்தம்) கிடைக்கும். 'தார்த்திஃப்லெத்' என்ற உருளைக்கிழங்குப் பதார்த்தம் பார்க்கச் சைவம்போல இருக்கும், அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் உண்டு. மதியம் இரண்டு மணிக்குமேல் பல சமையலறைகள் மூடிவிடும். அங்கே செலாவணி யூரோ, கையில் கொஞ்சம் மாற்றி வைத்திருங்கள்.

படகு நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். இறங்கியதுமே துறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் கடைசிப் படகின் நேரத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய படகில் திரும்புவதாகவே திட்டமிடுங்கள். கடைசிப் படகைத் தவறவிட்டால் மிஞ்சுவது ஏரியைச் சுற்றி ஜெனீவா வரை டாக்சிதான்.