வலிக்கிறது, காரணம் தெரியவில்லை: டப்பாவில் வந்த சீட்டுகள்

சேலம் அஸ்தம்பட்டியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நாங்கள் கூடுகிறோம். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்தவர்கள், துணைக்கு வரும் மகள்கள், வாசலிலேயே நின்றுவிடும் கணவர்கள் என்று முப்பது பேர்வரை சேரும். பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காக ஒரு எவர்சில்வர் டப்பா உண்டு. பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். இந்த முறை டப்பாவைத் திறந்தால், மாதுளை சாப்பிடலாமா என்ற வழக்கமான சீட்டு ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் ஒரே பயம்: வலிக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, திரும்ப வந்துவிட்டதோ?

நான் டாக்டர் இல்லை. முப்பத்தொரு வருடம் நர்ஸ், அதில் கடைசிப் பதினான்கு வருடம் புற்றுநோய் வார்டில். ஒன்பது வருடத்துக்கு முன் எனக்கே இடது மார்பில் வந்தது. அன்று நேரமாகிவிட்டதால் பாதிச் சீட்டுக்குத்தான் பதில் சொன்னேன். பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் ஓடிய ஏற்காட்டுக்காரர்களுக்காக எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். மாதுளை சாப்பிடலாம்.

அம்மாபேட்டை, தறி வீடு. ஆபரேஷன் முடிந்து 14 மாதம். மேல்கையின் உள்பக்கம் மிளகாய் தேய்த்த மாதிரி எரிகிறது, ஜாக்கெட் உரசினால் தாங்கவில்லை. ஆனால் கிள்ளினால் தெரியவில்லை. மரத்துப்போன இடம் எப்படி அக்கா வலிக்கும்?

அக்குளில் நெறிகட்டிகளை எடுக்கும்போது ஒரு நரம்பு குறுக்கே வரும். விலா இடுக்கில் கிளம்பி, அக்குள் வழியாக மேல்கையின் உள்பக்கத் தோலுக்குப் போகிற நரம்பு அது. சிலருக்கு இழுபடும், சிலருக்கு அறுபடும். சேதி போகாததால் தோல் மரத்துப்போகிறது. ஆனால் அடிபட்ட முனை சும்மா இருப்பதில்லை. யாரும் தொடாதபோதே எரிகிறது, குத்துகிறது என்று பொய்ச்சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தெரியாததா? பாவில் ஒரு இழை அறுந்தால் அந்த இடம் காலியாவதோடு விடுகிறதா? அறுந்த நுனி பக்கத்து இழையைப் பிடித்து இழுக்கிறதே, அந்தக் கதைதான்.

ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதம் தாண்டியும் நிற்கும் இந்த மாதிரி வலி நாலில் ஒருவருக்காவது இருக்கிறது. ஸ்கேனில் தெரியாது. அதனால்தான் 'எல்லாம் நார்மல்' என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஸ்கேன் நார்மல் என்றால் வலி பொய் என்று ஆகிவிடாது. 'நரம்பு வலி மாதிரி இருக்கிறது, அதற்கு ஏதாவது கொடுங்கள்' என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. நரம்பு வலிக்கென்றே வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

வீட்டில் ஒன்று செய்யலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன மல்துணியால் அந்த இடத்தை மெதுவாகத் தடவுங்கள், ஐந்து நிமிடம், தினம் இரண்டு மூன்று வேளை. அது பழகியதும் பருத்திச் சேலை, அப்புறம் சொரசொரப்பான துண்டு. நரம்புக்குத் துணியைப் பழக்குகிற வேலை. பல வாரம் பிடிக்கும். பிசியோதெரபியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதேதான்.

இதே சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில், 'எடுத்துவிட்ட மார்பில் அரிக்கிறது, பைத்தியம் பிடிக்கிறதா?' என்று இருந்தது. இல்லை கண்ணு. எனக்கும் அரித்தது. மூளைக்கு அந்த இடம் இன்னும் கணக்கில் இருக்கிறது.

ஏற்காடு, காப்பித் தோட்ட வேலை. ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் கயிறு ஓடுகிறது. கையைத் தூக்கினால் விறைத்து இழுக்கிறது. கட்டியா?

கட்டி இல்லை. நெறிகட்டி எடுத்த சில வாரங்களில் நிறையப் பேருக்கு வருவது. கையைத் தூக்கும்போது கயிறு மாதிரி நீளவாக்கில் தெரிந்தால் அனேகமாக அதுதான். ஆனாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்றுங்கள். இழுக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, இறக்குங்கள். தினம் ஒரு பென்சில் கோடு போட்டால் கை எவ்வளவு ஏறுகிறது என்று தெரியும். பெரும்பாலும் சில மாதத்துக்குள் கரைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது அதைச் சுண்டி அறுத்துவிடுகிறேன் என்றால் கையைக் கொடுக்காதீர்கள்.

பழம் பறிக்கும் கூடையை இந்தச் சீசனுக்கு மற்ற தோளில் மாட்டுங்கள். மலையிலிருந்து இறங்கிவர முடியாத நாளில், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி செய்ய வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆத்தூர், 61 வயது. லெட்ரோசோல் மாத்திரை. காலையில் விரலை மடக்க முடியவில்லை, காப்பி டம்ளர் நழுவுகிறது, முழங்காலும் போச்சு. எலும்புக்குப் போய்விட்டது என்று பயந்து, மூன்று வாரமாக மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

அம்மா, முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டார். இந்த வலி மாத்திரையால்தானா என்று பார்க்க, சில வாரம் நிறுத்தச் சொல்வதை டாக்டர்களே செய்வதுண்டு. நீங்கள் சொல்லாமல் செய்ததுதான் தப்பு. நிறுத்திய மூன்று வாரத்தில் விரல் இளகியதா இல்லையா என்பது அவருக்கு நல்ல தடயம். மறைத்தால் அதுவும் வீணாகிவிடும்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸமெஸ்டேன் மூன்றும் உடம்பில் ஈஸ்ட்ரோஜனை அடிமட்டத்துக்குக் கொண்டுபோகிற மாத்திரைகள். சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மூட்டு வலி சொல்கிறார்கள். அதற்கென்று ஒரு ஜாடை உண்டு: இரண்டு பக்கமும் வரும், காலையில் மோசம், நடமாட ஆரம்பித்தால் இளகும். எலும்புக்குப் பரவிய நோய் இரண்டு கை விரலிலும் ஒரே சமயத்தில் இப்படி வந்து உட்காருவது அபூர்வம்.

உட்கார்ந்திருந்தால் இது கூடும். நடங்கள். முதல் பத்து நிமிடம் வலிக்கும், அப்புறம் விடும். வைட்டமின் டி அளவையும் எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாத்திரைகள் எலும்பையும் தேய்க்கும். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வதுண்டு, மாற்றித் தருவார்கள். ஒரேயடியாக நிறுத்துவது மட்டும் வேண்டாம். நோய் திரும்பாமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

கொண்டலாம்பட்டி. கரண்ட் வைத்த பக்கம் விலாவில் ஒரு இடத்தை அழுத்தினால் உயிர் போகிறது.

அப்படியென்றால் அழுத்தாதீர்கள்! விளையாட்டாகச் சொல்லவில்லை. தினம் நாற்பது தடவை அழுத்திப் பார்த்தால் நல்ல விலாவும் வலிக்கும். கரண்ட் என்று நாம் சொல்கிற ரேடியேஷன் போன இடத்தில் தசையும் குருத்தெலும்பும் வருடக்கணக்கில் நொந்து கிடக்கலாம். எப்போதாவது இருமலில்கூட விலா விரிசல் விடுவதுண்டு. அடுத்த செக்கப்பில் விரல் வைத்துக் காட்டுங்கள். கூடிக்கொண்டே போனால் அதற்கு முன்பே.

எந்த வலிக்கு ஓடணும், எந்த வலிக்குப் பொறுக்கணும்? (ஐந்து சீட்டில் இதே கேள்வி)

என் கதையைச் சொல்கிறேன். வைத்தியம் முடிந்த இரண்டாம் வருடம் வலது இடுப்பில் வலி வந்தது. வார்டில் அத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவள், வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கொல்லைப்புற லைட்டைப் போட்டு, இடுப்பெலும்பை விரலால் தேடித் தேடி அழுத்துவேன். இடது பக்கத்தையும் அழுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பேன். மகள் கல்யாண நகையை யாரிடம் கொடுத்துவைப்பது என்பதுவரை மனக்கணக்கு ஓடியது. ஏழு வாரம் கழித்துத்தான் போனேன். டாக்டர் முதலில் கேட்டது, 'எந்தப் பக்கம் படுக்கிறீர்கள்?' இடது மார்பில் ஆபரேஷன் என்பதால் இரண்டு வருடமாக வலப்பக்கம் மட்டுமே படுத்திருக்கிறேன். இடுப்பெலும்பின் மேலிருக்கிற சின்ன நீர்ப்பை வீங்கிப்போயிருந்தது. எக்ஸ்ரேயும் எலும்பு ஸ்கேனும் எடுத்து உறுதி செய்தார்கள். அந்த ஏழு வார ராத்திரிகளை யார் திருப்பித் தருவது?

அதிலிருந்து நான் வைத்திருக்கிற வழக்கம் இது. புது வலி வந்தால் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம், இரண்டு வாரம் தள்ளி இன்னொரு வட்டம். நடுவில் தினம் ஒரு வரி: எங்கே, பத்துக்கு எத்தனை, எதனால் கூடியது, எதனால் தணிந்தது. வந்து போய்க்கொண்டிருப்பது, இடம் மாறுவது, வேலை செய்தால் வந்து ஓய்ந்தால் போவது எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரே இடத்தில் நிலைத்து, நாளுக்கு நாள் கூடி, படுத்தாலும் விடாமல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி என்றால் இரண்டாம் வட்டத்தன்று டாக்டர்முன் நிற்க வேண்டும். முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடை இவற்றில் என்றால் இன்னும் கவனம். மறுபடி யோசிக்க வேண்டாம் என்றுதான் தேதியை முதலிலேயே குறிப்பது.

வட்டமே போடாமல் அன்றைக்கே ஓடவேண்டியவையும் உண்டு. முதுகு வலியோடு கால் பலமிழப்பது, உட்காருமிடம் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடங்காமலோ வராமலோ போவது. தண்டுவடம் நெரிபடுகிறது என்று அர்த்தம், மணிக்கணக்கு முக்கியம். மூச்சுத் திணறல். காலையில் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை சிவந்து, சுட்டு, காய்ச்சல் அடித்தாலும் அன்றைக்கே. 108ஐக் கூப்பிட யோசிக்காதீர்கள்.

சூரமங்கலம், கணவர். மாதம் ஒரு ஸ்கேன் கேட்கிறாள். கடன் வாங்கியாவது உடம்பு முழுக்கப் பார்க்கிற பெட் (PET) ஸ்கேன் எடுத்துவிட்டால் நிம்மதி வருமா?

பத்து நாள் வரும். பதினோராம் நாள், 'ஸ்கேன் எடுத்த பிறகு வந்திருந்தால்?' என்று கேட்பார். நானும் கேட்டிருக்கிறேன். 1994இல் இத்தாலியிலிருந்து இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. இரண்டிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். அடிக்கடி எலும்பு ஸ்கேன், எக்ஸ்ரே எடுத்தவர்களும், வழக்கமான செக்கப்போடு நின்றவர்களும் கடைசியில் ஒரே அளவுதான் பிழைத்திருந்தார்கள். அதனால் தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடம்பைப் பார்ப்பது, வருடம் ஒரு மேமோகிராம் (மார்பகத்துக்கென்றே எடுக்கும் எக்ஸ்ரே), அவ்வளவுதான். தொந்தரவு இருந்தால் அந்த இடத்துக்கு ஸ்கேன் கேட்பது வேறு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு ஒன்று சார். 'ஒன்றும் இல்லை, நினைக்காதே' என்று சொல்வதை விட்டுவிடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அதைக் கேட்டதும் எங்களுக்கு வாய் மூடிக்கொள்கிறது. 'எங்கே வலிக்கிறது, காட்டு' என்று கேளுங்கள். நோட்டில் அந்த ஒரு வரியை நீங்கள் எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, மகள். அம்மா வலியை மறைக்கிறார்.

நடையைப் பாருங்கள், கொடியில் துணி காயப்போடும் கையைப் பாருங்கள், தைலப் பாட்டில் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று பாருங்கள். பார்த்ததை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஏற்காடு. செக்கப் தேதிக்கு பத்து நாள் முன்னாலிருந்து உடம்பெல்லாம் வலிக்கிறது. பஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் செத்துப் பிழைக்கிறேன். ரிப்போர்ட் நல்லபடி வந்தால், ஏறும்போது வலி இல்லை. நடிக்கிறேனா?

நடிப்பே இல்லை. பயந்தால் தோள், தாடை, முதுகுத் தசையெல்லாம் இறுகும், தூக்கம் கெடும், காது முழுக்க உடம்பின்மேலேயே இருக்கும். வீடு அமைதியாக இருக்கும்போது சுவர்க்கடிகாரம் பெரிதாகக் கேட்கிறதே, அப்படி. வழக்கமாக இருக்கிற சின்ன வலிகளே அந்தப் பத்து நாளில் பெரிதாகக் கேட்கும். உங்களுக்கு இது ஒவ்வொரு தடவையும் வந்து போகிறது என்பதே நல்ல அடையாளம். போன தடவை எழுதி வைத்ததை இந்தத் தடவை எடுத்துப் படியுங்கள்.

கவலைக்கென்று சாயங்காலம் அரைமணி ஒதுக்குங்கள். நாள் முழுக்க வருவதை 'ஆறு மணிக்கு வா' என்று தள்ளிவிட்டு, ஆறு மணிக்கு உட்கார்ந்து எழுதுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், எனக்கு வேலை செய்தது. இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். வாந்திக்கும் அதுவே நல்லது.

தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் கெட்டுப்போனால் மனநல டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், காசில்லை. டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்லணும். பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் மாதிரி சில மனச்சோர்வு மாத்திரைகள் அதன் வேலையைக் குறைத்துவிடலாம். வேறு மாத்திரை தருவார்கள்.

எண்ணெய் காய்ச்சிச் சூடாக உருவிவிடலாமா?

ஆபரேஷன் பக்கத்துக் கையிலும் மார்பிலும் வேண்டாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். மற்ற இடத்தில் இளஞ்சூட்டில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே எலும்புக்கு வந்திருந்தால்?

இந்தச் சீட்டு நாலாக மடித்து, டப்பாவின் அடியில் கிடந்தது. வருகிறவர்களும் உண்டு, மறைக்கமாட்டேன். எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் முதுகு வலி என்று போய், வந்திருப்பது தெரிந்து, இப்போது ஐந்தாம் வருடமாக வைத்தியத்தில் இருக்கிறார். முற்றிலும் துடைத்தெடுப்பது கடினம் என்று அவருக்கே சொல்லிவிட்டார்கள். ஆனால் வலியோடு விட்டுவிடவில்லை. எலும்பு வலிக்கு ஒரே ஒருநாள் கரண்ட் வைத்தே தணிக்கிற முறை இருக்கிறது, எலும்பைக் கெட்டிப்படுத்தும் ஊசி இருக்கிறது, ஹார்மோனை அடக்குவதில் புது மாத்திரைகள் வந்திருக்கின்றன. போன மாதம் அவர் கொண்டுவந்த தட்டுவடை செட்டில் காரம் தூக்கலாக இருந்தது என்று எல்லோரும் குறை சொன்னோமே, அவர்தான்.

எந்தப் பக்கம் படுக்கணும்?

ஆபரேஷன் புண் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் படுங்கள். ஆபரேஷன் பக்கத்துக் கைக்கு அடியில் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. இலவம்பஞ்சாக இருந்தால் நல்லது, கை பதிந்து உட்காரும்.