மந்தைவெளி முதல் ஏரிக்கரை வரை: புறம்போக்கு நிலம் பற்றிக் கேள்வி பதில்

கிராம நிர்வாக அலுவலராக வேலைக்குச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஊர்ப் பொது நிலங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. ஊராட்சியைக் கேட்டால் "தாலுகாவைப் பாருங்கள்" என்கிறார்கள். தாலுகாவில் "ஊராட்சியைப் பாருங்கள்" என்கிறார்கள். உண்மையில் யார் பொறுப்பு? (வார்டு உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்)

இரண்டு பேரும்தான். அதனால்தான் இப்படி உங்களைப் பந்தாட முடிகிறது. 1994 ஊராட்சிகள் சட்டம் 134ஆம் பிரிவைப் பாருங்கள். மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மாடு நிற்கும் மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியைச் சேரும் என்று இருக்கும். அவற்றை யார், எப்படிப் பயன்படுத்துவது என்று ஒழுங்கு செய்வது ஊராட்சியின் வேலை. ஆனால் ஊராட்சி அந்த நிலத்தை விற்க முடியாது, 'மேய்க்கால்' என்ற வகைப்பாட்டைத் தானே மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதெல்லாம் வருவாய்த் துறையின் கையில். ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்றால் ஊராட்சி தீர்மானம் போட்டு வட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டும். தீர்மான நகல் இல்லாமல் வாய்மொழியாகப் போய் நின்றால் மறுபடியும் அதே பதில்தான் கிடைக்கும்.

ஐயா, எங்கள் ஊரில் மொத்தம் எவ்வளவு பொது நிலம் இருக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? (கல்லூரி மாணவி, மணப்பாறை)

நல்ல கேள்வி அம்மா. வேலி போடுவது, மரம் நடுவது எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டிய கேள்வி இது. என் அனுபவத்தில் பொது நிலம் முதலில் காகிதத்தில்தான் காணாமல் போகிறது. வேலி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

ஊரின் எல்லா நிலங்களையும் புல எண் வாரியாகப் பட்டியலிடும் 'அ' பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும் புல எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் புல எண், உட்பிரிவு, பழைய புல எண், நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா, பரப்பு, பட்டா எண் ஆகியவை வரும். புறம்போக்கு என்றால் பட்டாதாரர் பெயர் இருக்காது. அந்த இடத்தில் 'வண்டிப்பாதை', 'ஓடை', 'களம்', 'மயானம்' என்று குறித்திருப்பார்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0.40.5 என்று போட்டிருந்தால், அதாவது 0 ஹெக்டேர் 40.5 ஏர் என்றால், அது ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட்.

இந்த வரிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, கிராம வரைபடத்தில் அந்தப் புல எண்களுக்கு வண்ணம் தீட்டுங்கள். பிறகு நேரில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் ஓடை இருக்கும், நேரில் கரும்பு நிற்கும்.

இதோடு நின்றுவிடாதீர்கள். இப்போது இருக்கும் 'அ' பதிவேடு, 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின் வந்தது. அதாவது எல்லோரும் யுடிஆர் என்று சொல்வது. அப்போது சில இடங்களில் புறம்போக்கின் ஒரு பகுதி உட்பிரிவாகித் தனியார் பெயருக்குப் போயிருக்கிறது. 'பழைய புல எண்' என்ற கலத்தை வைத்து, அதற்கு முந்தைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டின் நகலோடு ஒப்பிடுங்கள். பழையதில் 'மந்தை' என்றும் புதியதில் ஒருவர் பெயரில் பட்டா என்றும் இருந்தால், இரண்டு நகலையும் இணைத்து மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு போடலாம். யுடிஆர் பிழைகளைத் திருத்தும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது.

வண்டிப்பாதையை மறித்து ஒருவர் வேலி போட்டுவிட்டார். வட்டாட்சியர் 'பி மெமோ' கொடுத்தார். அவரோ அபராதத்தைக் கட்டிவிட்டு, அந்த ரசீதை "என் இடத்துக்கு ஆதாரம்" என்று காட்டுகிறார்! (விவசாயி, அரியலூர்)

இந்த வேடிக்கை எல்லா ஊரிலும் நடக்கிறது. பி மெமோ என்பது "நீ அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் இருக்கிறாய், அதற்குத் தண்டத் தீர்வை கட்டு" என்று சொல்லும் தாள். அந்த ரசீதை எத்தனை ஆண்டு அடுக்கி வைத்தாலும் உரிமை வராது. சொல்லப் போனால் அது அரசு நிலம் என்று அவரே ஒப்புக்கொண்டதற்கான சான்று.

ஆளை வெளியேற்ற பி மெமோ போதாது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பு, அதன் பிறகு 6ஆம் பிரிவில் வெளியேற்றும் ஆணை. எண் தலைகீழாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், நடைமுறை இதுதான். உங்கள் மனுவில் "ஆக்கிரமிப்பை அகற்றவும்" என்று பொதுவாக எழுதாமல், "7, 6 பிரிவுகளின்கீழ் நடவடிக்கை எடுக்கவும்" என்றே எழுதுங்கள். 7ஆம் பிரிவு அறிவிப்பைத் தவிர்த்துவிட்டு நேராக இடித்தால் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடும். அவசரப்படுத்தி நாமே அவர்களுக்கு வழி செய்து கொடுக்கக் கூடாது.

12 வருடம் அனுபவித்தால் சொந்தமாகிவிடும் என்கிறார்களே? (பெயர் வேண்டாம்)

12 ஆண்டு என்பது தனியார் நிலத்துக்கு. காலவரையறைச் சட்டத்தில் அரசு வழக்குத் தொடர 30 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதுவும் நீர்நிலை என்றால் நீதிமன்றங்கள் இரக்கமே காட்டுவதில்லை. ஏரிகளுக்கென்றே 2007இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது.

நத்தத்தில் மூன்று தலைமுறையாக வீடு கட்டி இருக்கிறோம். ஊராட்சித் தலைவர் "இது கவர்மென்ட் இடம், காலி பண்ணச் சொல்லுவேன்" என்று மிரட்டுகிறார். (திண்டிவனம் பக்கம்)

மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். கிராம நத்தம் என்பது குடியிருப்புக்காகவே ஒதுக்கப்பட்டது. அதில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களின் இடத்தை அரசு நிலமாகக் கருத முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. நத்தம் பட்டா கேட்டு வட்டாட்சியரிடம் விண்ணப்பியுங்கள். மேய்க்கால், ஓடை போன்றவற்றையும் நத்தத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

எங்கள் தலைவர் மேய்ச்சல் நிலத்தைத் தனியார் கிடங்குக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டு ஊராட்சிக்கு வருமானம் பார்க்கலாம் என்கிறார். சரியா? (கோவை மாவட்டம்)

சரியில்லை. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கு பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தில் கட்டிய வீடுகளைப் பற்றியது. ஆனால் ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி, நிலத்தை ஊருக்கே திருப்பித் தரத் திட்டம் போடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போனது. வீடு கட்டப் பெரும் பணம் செலவழித்திருந்தாலும், அதைக் காரணம் காட்டி முறைப்படுத்தக் கூடாது என்றார்கள். நிலமற்ற தொழிலாளர்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு அரசு ஆணைப்படி கொடுத்தது, ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ இருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிடங்கு அதில் வராது. கிராம சபையில் எழுந்து இதைச் சொல்லுங்கள். உங்கள் எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யவும் சொல்லுங்கள்.

அண்ணே, கண்மாய் முழுக்கச் சீமைக் கருவேலம். வெட்டினால் மறுபடியும் மறுபடியும் வருகிறது. (இராமநாதபுரம்)

வெட்டினால் வரத்தான் செய்யும் தம்பி. அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து, ஒன்று பத்தாகும். வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பல ஊர்களில் பணம் வீணானதற்குக் காரணம். ஆடு, மாடு காயைத் தின்னும், விதை சாணத்தோடு விழும், முதல் மழையிலேயே முளைக்கும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது நாற்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம். விட்டால் அடுத்த வருடம் மறுபடி ஜேசிபிதான். ஏலம் எடுப்பவரிடம் "வேரோடு அகற்றிக் குழியை மூட வேண்டும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் விறகுக்கு ஆகும் தண்டை மட்டும் அறுத்துக்கொண்டு போய்விடுவார்.

இன்னொன்று. கண்மாய் யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். அனுமதியும் அங்கேதான் கேட்க வேண்டும்.

அதே கண்மாயில் வண்டல் எடுத்து வயலுக்கு அடிக்கலாமா?

தாராளமாக. வட்டாட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் கிடையாது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். கரையை ஒட்டித் தோண்ட விடாதீர்கள். வண்டல் என்று அனுமதி வாங்கிச் சவுடு மண்ணை அள்ளி விற்கும் கூட்டத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். டிராக்டர் வயலுக்குப் போகிறதா, செங்கல் சூளைக்குப் போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

புளியமர மகசூல் ஏலம் வருடா வருடம் ஒரே ஆள், ஒரே தொகை. என்ன செய்வது?

காய் கண்ணுக்குத் தெரியும் மார்கழி, தை வாக்கில் ஏலம் விடுங்கள். தண்டோரா போட்டு, பக்கத்து ஊர்களிலும் நோட்டீஸ் ஒட்டுங்கள். நாலு வெளியூர் வியாபாரி வந்து நின்றாலே தொகை ஏறும்.

மந்தைவெளியை மீட்டுவிட்டோம். வேலி போட ஊராட்சியில் பணம் இல்லை. மறுபடியும் பிடித்துவிடுவார்களோ? (புதுக்கோட்டை)

மீட்ட நிலத்தைச் சும்மா போட்டால் நிச்சயம் பிடிப்பார்கள். நில அளவரை வைத்து அளந்து எல்லைக் கல் நடுங்கள். கல் பிடுங்கப்பட்டால் அந்தப் புல எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வைத்து மறுபடி நடலாம், ஆகவே புலப்பட நகல் ஊராட்சிக் கோப்பில் இருக்கட்டும். எல்லை நெடுக ஒரு வரிசை பனங்கொட்டை போடுங்கள். காசு செலவில்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம். அகழி வெட்டவும் மரக்கன்று நடவும் நூறு நாள் வேலையில் கேட்கலாம். நடுவே மாடு மேயட்டும், பிள்ளைகள் விளையாடட்டும், அறுப்புக் காலத்தில் நெல் காயட்டும். தினமும் பத்துப் பேர் கால் படும் இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டகை போட யாருக்கும் துணிச்சல் வராது.

எத்தனை மனு போட்டும் பதில் இல்லை. எங்கே போனால் வேலை நடக்கும்?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிலக் கணக்கு விஷயத்துக்கு, வருடத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியைத்தான் நான் சொல்லுவேன். வருவாய்த் துறை கணக்கு வைக்கும் பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிவதால், பெரும்பாலும் மே, ஜூனில் நடக்கும். அன்றைக்கு உங்கள் ஊரின் எல்லாப் பதிவேடும் ஜமாபந்தியை நடத்தும் தீர்வாய அலுவலர் முன்னால் மேசை மேல் இருக்கும், கிராம நிர்வாக அலுவலரும் பக்கத்திலேயே நிற்பார். "புத்தகம் ஆபீசில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்ல வழியில்லை. புல எண்ணைச் சொல்லி அங்கேயே பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மனுவுக்கு ரசீது எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.